மண்வாசனையும் பேஸ் கிதாரும்: இளையராஜாவைக் கேட்பது பற்றிச் சில குறிப்புகள்

1

இளையராஜாவைப் பற்றி எழுத உட்காருகிற எவரும் முதல் பத்தி முடிவதற்குள் ஒரு சொல்லை எழுதிவிடுகிறார்கள்: மண்வாசனை. 1976 மே மாதம் 'அன்னக்கிளி' வெளிவந்ததிலிருந்து இந்தச் சொல் அவரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ரசிகர் இதைப் புகழ்ச்சியாகச் சொல்கிறார். சபாக்களில் வளர்ந்த விமர்சகர் 'அது ஒன்றுதான் இருக்கிறது' என்ற தொனியில் சொல்கிறார். நம் இடதுசாரி நண்பர்கள் அதையே 'மக்கள் இசை' என்று மாற்றிச் சொல்லித் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். மூன்று பேரும் வேறு வேறு ஆசாமிகள். ஆனாலும் மூவரின் சொல்லாடலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: வேப்ப மரத்தில் பிசின் வடிகிற மாதிரி அந்த மனிதரிடமிருந்து இசை வடிந்தது. அவர் அதைச் செய்யவில்லை, அது தானாக வந்தது.

இந்தக் கட்டுரை அந்தச் சொல்லுக்கு எதிரானது. மண்வாசனை என்பது ஒரு இசைக் குணத்தைக் குறிக்கிற சொல் மாதிரி தெரிந்தாலும், யார் எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சொல்கிற வேலையைத்தான் அது செய்துவருகிறது என்பது என் துணிபு. இதை நிறுவ நான் எடுத்துக்கொள்வது ஒரு சின்ன விஷயம். கிராமத்துப் பாட்டின் அடியில் ஓடிய பேஸ் கிதார்.

2

பேராவூரணியில் வளர்ந்தவர்களுக்கு ஆடி மாசம் என்றால் மொய்விருந்து. பந்தல், கறிச்சோறு, மொய் எழுதுகிற மேசை, கூடவே காலையிலிருந்து அலறுகிற பாட்டு. தென்னந்தோப்புகளைத் தாண்டி இரண்டு கிலோமீட்டருக்குக் கேட்க வேண்டும் என்று மரத்தின் உச்சியில் குழாய் கட்டுவார்கள். நான் பையனாக இருந்தபோது, தொண்ணூறுகளின் கடைசியில், சவுண்டு சர்வீஸ்காரர் ஒருவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தம்பி, குழாய்ல ராஜா பாட்டு பாதிதான் கேக்கும். மீதியக் கேக்கணும்னா பொட்டி கட்டணும்."

அவர் எந்தக் கோட்பாட்டையும் படித்தவரில்லை. ஆனால் இளையராஜா பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் முக்கியமானது என்று இதைத்தான் சொல்வேன். கூம்புக் குழாய் நடுத்தர, உயர்ந்த ஒலிகளைத்தான் தூரத்துக்கு எறியும். பாடகரின் குரல் வரும், புல்லாங்குழல் வரும், தபேலாவின் வலந்தலை வரும். தாழ்ந்த ஒலிகளைப் பிடித்துவைக்க அதற்கு உடம்பு கிடையாது. அதற்குப் பெரிய காகிதக் கூம்பும் மரப்பெட்டியும் வேண்டும். ஆக, குழாய் வழியே கேட்ட தலைமுறைக்கு எட்டியது மெட்டும் வார்த்தையும் மட்டும்தான். அது 'கிராமத்துப் பாட்டாக' இருந்ததில் வியப்பில்லை. பெட்டி கட்டிய பிறகு, டேப் ரெக்கார்டரோடு இரண்டு ஸ்பீக்கர் வந்த பிறகு, அதே பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. மேலே பாடுகிற மெட்டுக்கு வெறும் ஆதார சுருதி போடாமல், தன் போக்கில் வேறொரு மெட்டைச் சொல்லிக்கொண்டு போகிற பேஸ் கிதார்.

'ஜானி' (1980) படத்தில் எஸ்.பி. ஷைலஜா பாடும் பாட்டை ஒரு தரம் பெட்டியில் வைத்துக் கேளுங்கள். குரலும் மெட்டும் மலையடிவாரத்துக் கூட்டத்தை நினைவூட்டுகின்றன. அடியில் நடப்பது அந்த மலையடிவாரத்தில் எந்தக் காலத்திலும் நடந்திராத ஒன்று. அமெரிக்காவின் ராக், ஃபங்க் குழுக்கள் எழுபதுகளில் பேசிக்கொண்டிருந்த மொழி அது. இரண்டும் ஒன்றையொன்று விழுங்கவில்லை. ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஓடுகின்றன.

இந்தப் பேஸை வாசித்தவர்களில் முதன்மையானவர் சசிதரன். கிதாருக்குச் சதானந்தம் இருந்தார், டிரம்ஸுக்குப் புருஷோத்தமன் இருந்தார். மண்வாசனைக் கட்டுரைகளில் இந்தப் பெயர்கள் வருவதில்லை. மண்ணுக்கு வாத்தியக்காரர்கள் எதற்கு?

3

இசையின் உலக வரலாற்றில் இந்த மாதிரிச் சேர்க்கைக்கு ஒரு பெயர் உண்டு. அமெரிக்காவில் கண்ட்ரி ராக் என்கிறார்கள். நாட்டுப்புற வெள்ளையரின் ஃபிடிலையும் பெடல் ஸ்டீல் கிதாரையும் ராக் குழுவின் எலக்ட்ரிக் கிதார், டிரம்ஸோடு சேர்த்தது. அதன் முன்னோடியாகச் சொல்லப்படுகிறவர் கிராம் பார்சன்ஸ் (1946–1973). அவர் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒப்பிட்டால்தான் நம் கதை எந்தத் திசையில் போனது என்பது தெரியும்.

பார்சன்ஸ் ஃபுளோரிடாவில் பிறந்தவர். தாய்வழிக் குடும்பம் ஆரஞ்சுத் தோட்டங்களில் பெரும் பணம் சேர்த்த குடும்பம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் படித்துவிட்டு வெளியேறினார். 1968இல் 'பேர்ட்ஸ்' என்ற புகழ்பெற்ற ராக் குழுவில் சேர்ந்து, அதே ஆண்டு வந்த 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' என்ற இசைத்தட்டின் வழியே அந்தக் குழுவைக் கிராமியப் பாட்டின் பக்கம் திருப்பினார். நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' மேடையில் இந்த நீளமுடிக்காரர்களைக் கூட்டம் கேலி செய்தது. பிறகு 'ஃபிளையிங் பரிட்டோ பிரதர்ஸ்' குழு, இரண்டு தனி இசைத்தட்டுகள். 26 வயதில் போதைப்பொருளால் பாலைவன ஊர் ஒன்றின் விடுதியில் செத்துப்போனார். உயிரோடு இருந்தபோது அவர் இசைத்தட்டுகள் பெரிதாக விற்கவில்லை. செத்த பிறகு மேதை ஆனார்.

பணக்கார வீட்டுப் பிள்ளை, படிப்பை விட்டவன், ஏழை வெள்ளைக்காரனின் பாட்டைத் தேடிப் போகிறான். அந்தப் பாட்டில் தான் இழந்துவிட்ட ஏதோ ஒரு உண்மை இருப்பதாக நம்புகிறான். மேலிருந்து கீழே இறங்குகிற பயணம் இது. இறங்குகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. அவன் செய்வதெல்லாம் தேர்வு என்று மதிக்கப்படும். ஹார்வர்டை விட்டுவிட்டு ஃபிடிலுக்கு வந்தான் பார், எவ்வளவு பெரிய கலைஞன் என்பார்கள்.

பண்ணைப்புரத்திலிருந்து வந்த ராசய்யாவின் பயணம் நேர் எதிர்த்திசையில் போனது. பாட்டு அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அவர் தேடிப் போனது எலக்ட்ரிக் கிதாரையும், மேற்கத்திய ஸ்வரக் குறிப்பையும், பாக் முதலானோரின் எதிர்மெட்டு முறையையும். கீழிருந்து ஏறுகிறவன் செய்வது எதுவும் தேர்வாக மதிக்கப்படுவதில்லை. அவன் கொண்டுவந்த மூட்டையை மட்டும் மோந்துபார்த்து, 'ஆகா, மண்வாசனை' என்பார்கள். அவன் கற்றுக்கொண்டதைப் பற்றிப் பேச்சே இருக்காது.

4

அந்தக் கற்றல் எங்கே தொடங்கியது? சென்னையில் என்று சொல்வது பாதி உண்மை.

அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சியின் மேடைப் பாடகர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே அவர் பாடிய பாட்டுகள் அந்த வட்டாரத்தில் பெரிய பேச்சாக இருந்தவை. பிறகு தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு பாவலர் சகோதரர்களாக ஊர் ஊராகப் போனார்கள். நாம் மறந்துவிடுகிற ஒன்று, அந்தக் குழுவே 'தூய' நாட்டார் குழுவாக இருந்ததில்லை என்பது. ஆர்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டி. மெட்டுகளில் பல, ஊரே முணுமுணுத்த சினிமா மெட்டுகள். அதில் கட்சிக்கு வேண்டிய வார்த்தையைப் போட்டுப் பாடினார்கள். கேட்கிறவனுக்குத் தெரிந்த மெட்டு, தெரியாத செய்தி. நாட்டார் பாடகன் காலங்காலமாகச் செய்ததும் இதுதான். கிடைத்ததை எடுத்துத் தனக்கு வேண்டிய மாதிரி திருப்பிக்கொள்வான். தூய்மை என்பது அவனைத் தொகுக்க வந்த ஆய்வாளனின் கவலை. தமிழ் எம்.ஏ. வகுப்பில் நாட்டுப்புறவியல் தாள் எழுதிய எனக்கும் அந்தக் கவலை தொற்றியிருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

1968இல் சகோதரர்கள் சென்னைக்கு வருகிறார்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைப் பயிற்சி. லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிதார் தேர்வு. சலீல் சௌத்ரி போன்றவர்களின் பதிவுகளில் கிதார் வாசிப்பு. ஜி.கே. வெங்கடேஷிடம் ஏராளமான படங்களில் உதவியாளர் வேலை. எட்டு வருஷம். பஞ்சு அருணாசலம் 'அன்னக்கிளி'க்குக் கூட்டிக்கொண்டு போனபோது அவருக்கு 33 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த எட்டு வருஷத்தை மண்வாசனைக் கதையாடல் விழுங்கிவிடுகிறது. அந்தக் கதையில், பண்ணைப்புரத்தில் பஸ் ஏறியவர் நேராக ஒலிப்பதிவுக் கூடத்தில் இறங்கிவிடுகிறார்.

அவருக்கு முன்பும் தமிழ்த் திரையில் கிராமியச் சாயல் உண்டு. கே.வி. மகாதேவன் செய்தார், விசுவநாதன்–ராமமூர்த்தி செய்தார்கள். எங்கள் பக்கத்துச் செங்கப்படுத்தான்காட்டிலிருந்து போய் 29 வயதில் செத்துப்போன பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வார்த்தைகளுக்கு வயல்காட்டு மெட்டுகள் அமைந்தன. எலக்ட்ரிக் கிதாரும் இருந்தது. ஆனால் ஒரு பிரிவினை இருந்தது. கிதார் பெரும்பாலும் கிளப் டான்ஸுக்கு, காலேஜ் பையனுக்கு, காரில் போகிற கதாநாயகனுக்கு. வயலில் நிற்கிறவளுக்குப் புல்லாங்குழலும் டோலக்கும். இன்ன ஆளுக்கு இன்ன வாத்தியம் என்று ஒரு வருணப் பாகுபாடு இசையமைப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இளையராஜா உடைத்தது இதைத்தான். பாவாடை தாவணி கட்டி ஆடு ஓட்டுகிறவளின் பாட்டுக்கு அடியில் பேஸ் கிதார் நடந்தபோது, நவீனம் உனக்கும் உரியது என்று யாரோ அவளிடம் சொன்ன மாதிரி ஆனது. மண்ணைப் பட்டணத்துக்குக் கொண்டுபோனதைவிட இது பெரிய காரியம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 'அன்னக்கிளி'யில் தமிழ்நாடே தன் ஊர்ப் பெண் என்று நம்பிய அந்தக் குரல் ஆந்திராவில் பிறந்த எஸ். ஜானகியுடையது. மண் எங்கே இருக்கிறது, வாசனை எங்கிருந்து வருகிறது?

5

தஞ்சை டெல்டாவிலிருந்து பார்க்கும்போது இந்த விஷயம் இன்னும் கூர்மையாகிறது. இங்கே இசை என்றால் திருவையாறு. தை மாதம் காவிரிக் கரையில் ஆராதனை. நாதஸ்வரத்துக்குத் திருவாவடுதுறை. அந்த இசைக்கு யாரும் மண்வாசனை என்று சொல்வதில்லை, அது சாஸ்திரீயம். இத்தனைக்கும் அந்தச் சாஸ்திரீயத்தைச் சாப்பாடு போட்டு வளர்த்தது இதே மண்ணின் நெல்தான். மிராசுதார் வீட்டுக் களஞ்சியம்தான். அந்த நெல்லை நட்டவளின் பாட்டு மட்டும் 'நாட்டுப்புறம்'. ஒரே வயலில் விளைந்த இரண்டில் ஒன்று கலை ஆயிற்று, மற்றது வாசனை ஆயிற்று.

பார்சன்ஸின் இசைத்தட்டு வந்ததும் ராசய்யா சென்னைக்கு வந்ததும் 1968. அதே ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவில்தான் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். இவற்றுக்கிடையே காரண காரியத் தொடர்பு எதையும் நான் கட்டவில்லை. 'கிராமம்' என்ற சொல்லைக் கேட்டதும் பச்சை வயலையும் புல்லாங்குழலையும் நினைக்கிற மனசுக்கு, அந்த வருஷம் கிராமம் என்னவாக இருந்தது என்று ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

அமெரிக்கக் கதையிலும் இந்தப் பிரிவினை உண்டு. 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் தென்மாநிலப் பாட்டை இரண்டு பட்டியலாகப் பிரித்து விற்றன. கறுப்பர் பாடினால் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', வெள்ளையர் பாடினால் 'ஹில்பில்லி'. நிஜத்தில் இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டவர்கள். பேஞ்சோவே ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்த வாத்தியம். 'கிராண்ட் ஓல் ஆப்ரி'யின் தொடக்ககால நட்சத்திரங்களில் ஒருவரான டிஃபோர்ட் பெய்லி கறுப்பர். 1941இல் அவரை வெளியே அனுப்பினார்கள். பிறகு கண்ட்ரி என்றால் வெள்ளையர் இசை என்பது இயற்கை உண்மை மாதிரி ஆகிவிட்டது. பார்சன்ஸ் தேடிப் போன 'உண்மையான' கிராமமே பட்டியல் போட்டுத் தயாரிக்கப்பட்ட கிராமம்தான்.

நம் பக்கத்தில் இதற்கு ஈடு பறை. சாவுக்கும் சாமிக்கும் அடிக்கப்பட்ட அந்தத் தாளம் சினிமாவுக்கு வந்தபோது பெயரை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர முடிந்தது. டப்பாங்குத்து, குத்துப்பாட்டு என்று கூப்பிட்டார்கள். தாளம் வேண்டும், தாளத்துக்குரியவனின் பெயர் வேண்டாம். மண்வாசனை என்ற சொல் இந்தப் பெயரழிப்புக்குப் பூசப்பட்ட சந்தனம்.

இளையராஜா தலித் குடும்பத்தில் பிறந்தவர். அந்த அடையாளத்தால் அழைக்கப்படுவதை அவர் விரும்பியதில்லை. 1990களில் நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் இதையொட்டி நீண்ட விவாதம் நடந்தது. பிரேம்–ரமேஷின் 'இளையராஜா: இசையின் தத்துவமும் அழகியலும்' 1998இல் நூலாக வந்தது. அவரை உரிமை கொண்டாடியவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. எனக்குத் தோன்றுவது இது: அவர் வாயால் மறுத்ததை அவருடைய ஸ்வரத் தாள் மறுக்கவில்லை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே எழுதிக் கொடுத்த அந்தத் தாளில், யாரும் யாருக்கும் கீழே நின்று சுருதி மட்டும் போடுவதில்லை. பேஸ் கிதாருக்கும் ஒரு மெட்டு உண்டு, இரண்டாம் வயலினுக்கும் ஒரு மெட்டு உண்டு.

6

இவ்வளவு சொன்ன பிறகு, என் வாதத்துக்கு எதிராக நானே ஒன்றைச் சொல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது.

என் அப்பாயி கல்லணைக் கால்வாயின் கடைமடை வயல்களில் நடவு நட்டவர். குனிந்தபடியே பாடுவார். ஒருத்தி எடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டின் நீளம் வரப்புக்கு வரப்பு எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. நான் கேட்ட காலத்திலேயே அவர் நடுவில் சினிமா மெட்டுக்குத் தாவுவார். அவற்றில் பாதி இளையராஜா மெட்டு. கொஞ்ச நாளில் பாடுவதே நின்றது. டிராக்டரில் இருந்த டேப் ரெக்கார்டர் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. பேஸ் கிதார் அவருக்கு நவீனத்தைக் கொடுத்தது என்று மேலே எழுதினேன். அதே கிதார் அவருடைய வாயையும் கொஞ்சம் மூடிவிட்டது என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

பாட்டு கூடத்துக்குள் போனது, பாடியவர்கள் போகவில்லை. 'ஆண்பாவம்' (1985) படத்தில் கொல்லங்குடி கருப்பாயி வந்து தன் குரலிலேயே பாடினார். அது விதிவிலக்கு. விதி வேறாக இருந்தது.

உரிமை விஷயமும் இதில் சேர்ந்ததுதான். 2017இல் இளையராஜா தம் பாட்டுகளை மேடையில் பாட அனுமதி வேண்டும் என்று எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது ஊரே அவரைப் பேராசைக்காரர் என்றது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். மண்ணிலிருந்து வடிந்தது என்று நம்பினால் அதற்கு ராயல்டி எதற்கு என்றுதான் தோன்றும். செய்தவன் கூலி கேட்கிறான், கொடுக்க வேண்டும். ஆனால் அந்த நியாயம் அவரோடு நின்றுவிட முடியாது. அமெரிக்காவில் ஏ.பி. கார்ட்டர் மலைக்கிராமங்களில் பாட்டுகளைத் திரட்டிக்கொண்டு தம் பெயரில் பதிவுசெய்தபோது, கூடவே அலைந்து மெட்டுகளை நினைவில் ஏற்றிவந்த லெஸ்லி ரிடில் என்ற கறுப்பர் பெயர் அதில் வரவில்லை. நம் கணக்கிலும் நடவுக்காரிக்கு எந்தப் பத்தியும் திறக்கப்படவில்லை. இது இளையராஜா என்ற தனிமனிதரின் குற்றம் இல்லை. சட்டத்துக்குத் தனி ஆசிரியனைத்தான் தெரியும், கூட்டமாகக் குனிந்து பாடியவர்களைத் தெரியாது.

7

2022 ஏப்ரலில் அம்பேத்கரையும் பிரதமர் மோடியையும் ஒப்பிட்டு ஒரு நூலுக்கு அவர் எழுதிய முன்னுரை நம்மில் பலரைக் காயப்படுத்தியது. எனக்கும் கோபம் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். பாவலரின் தம்பி இப்படிப் போய்விட்டாரே என்று புலம்பினோம். அந்த முன்னுரையை எதிர்க்க வேண்டும், எதிர்த்தோம். ஆனால் அந்தப் புலம்பலுக்குள்ளும் மண்வாசனைதான் ஒளிந்திருந்தது. ஏழை வீட்டில் பிறந்து மேடையில் கட்சிப் பாட்டுப் பாடியவர் என்றால் அவருடைய அரசியல் ரத்தத்தில் ஓடும், அவர் யோசிக்க வேண்டியதில்லை என்று எதிர்பார்த்தோம். தப்பான அரசியலையும் யோசித்துத்தான் ஒருவர் எடுக்கிறார். அப்படி எடுத்துக்கொண்டு அவரோடு சண்டை போடுவதுதான் அவருக்குத் தருகிற மரியாதை.

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் அவர் தம் சிம்பொனியை அரங்கேற்றியபோது பத்திரிகைகள் எழுதியது ஞாபகம் இருக்கலாம். பண்ணைப்புரத்து மண் லண்டனில் மணந்ததாம். 82 வயதை நெருங்குகிற ஒருவர் ஸ்வரம் ஸ்வரமாக எழுதிய நான்கு பகுதி ஆர்க்கெஸ்ட்ரா இசைக்குக் கிடைத்த விமர்சனம் அது.

எங்கள் பக்கத்து வயல்களில் இப்போது மேற்கு வங்கத்திலிருந்து வருகிற தொழிலாளர்கள் நடவு நடுவதைப் பார்க்கிறேன். வரப்பில் போன் கிடக்கிறது, அதில் அவர்கள் ஊர்ப் பாட்டு ஓடுகிறது. அதன் அடியிலும் பேஸ் துடிக்கிறது, சின்ன ஸ்பீக்கரில் சரியாகக் கேட்பதில்லை. அது எந்த மண்ணின் வாசனை என்று கேட்டால் நம் விமர்சகர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

எழுதுகிற நண்பர்களிடம் கேட்டுக்கொள்வது இரண்டுதான். இளையராஜா பாட்டைப் பற்றி எழுதும்போது அதில் என்ன வாத்தியம், யார் வாசித்தார், அது என்ன செய்கிறது என்று எழுதுங்கள். வாசித்தவர்கள் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள், சிலர் போய்விட்டார்கள். அவர்களைக் கேட்டுப் பதிவுசெய்ய யாராவது கிளம்ப வேண்டும். இன்னொன்று, உங்கள் ஊரில் நடவுப் பாட்டு தெரிந்த கிழவி யாராவது மிச்சம் இருந்தால், பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அவர் அனுமதித்தால் அவர் பெயரையும், அந்த மெட்டு யாரிடம் கற்றது என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். என் அப்பாயிடம் நான் கேட்கத் தவறியது அது.